கான்ஸ்டபிள் வென்ற கோப்பை

மட்லொங் என்ற கறுப்பர் குடியிருப்பில் பாகிசோ குட்லாங்கின் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கான்ஸ்டபிள் வீடு என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். அவர் ஒருநாளும் காக்கி உடுத்தியதில்லை. உடுத்தியவர்களிடம் அடி வாங்கியிருக்கிறார். அந்தப் பெயர் ஒரு கோல்ஃப் ஆட்டத்தில் வந்தது. வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனார்கள். பெயர் மட்டும் சாகவில்லை. இப்போது அப்படிக் கூப்பிடும் இளவட்டங்களுக்கு ஏன் என்றுகூடத் தெரியாது.

எழுபதைத் தாண்டிய மனிதர். மனைவி மாபுலெங் போய் நான்கு குளிர்காலம் ஆகிறது. மகன் ஜொஹானஸ்பர்க்கில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், சாப்பிட்டீர்களா என்பான், குளிரா என்பான், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். மற்ற நாட்களில் அடுப்பில் மக்காச்சோளக் களி கொதிக்கும் சத்தம்தான் வீட்டில் பேச்சு. அலமாரியின் மேல், துணி போட்டு மூடிய ஒரு கோப்பை இருந்தது. அதைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

ஆகவே, அங்கே குளிர் தொடங்கும் மே மாதத்தில் ஒரு காலை, வாசலில் வெள்ளைக்காரரின் கார் வந்து நின்றபோது, பக்கத்து வீட்டு மாசெல்லோ துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள்.

"கான்ஸ்டபிள் ஐயா, உங்களை வேலைக்குத் திரும்பக் கூப்பிடறாங்க போல" என்றாள் வேலிக்கு மேலிருந்து.

"ஆமா, உன்னைத்தான் முதல்ல பிடிக்கச் சொல்லியிருக்காங்க" என்றார் பாகிசோ.

வந்தவர் நகரத்து கோல்ஃப் கிளப்பின் கேப்டன் எஸ்டர்ஹைசன். ஐம்பது வயது, சிவந்த கழுத்து, நல்ல மனசு. அரைகுறை செசோத்தோ மொழியில், பெரியவர்களை அழைக்கும் முறைப்படி 'ந்தாத்தே' என்று மரியாதையாகவே தொடங்கினார்.

"ந்தாத்தே குட்லாங், பழைய ஜாம்பவான்கள் நாள்னு ஒண்ணு நடத்தறோம். உங்க காலத்து ஆளுங்களை நாங்க கவனிக்காமலே விட்டுட்டோம். முதல் பந்தை நீங்க அடிக்கணும்."

"ஜாம்பவான்னு யாரைச் சொல்றீங்க?"

"உங்களைத்தான். அறுபத்தேழுல எங்க மைதானத்துல ஜெயிச்சது நீங்கதானே."

"அந்த ஒரு திங்கக்கிழமை மட்டும் எங்களை ஆட விட்டீங்க. மத்த நாளெல்லாம் பை தூக்க விட்டீங்க."

எஸ்டர்ஹைசன் தொப்பியைக் கையில் சுழற்றினார். "தெரியும். எங்கப்பா அப்போ கமிட்டியில இருந்தார்."

"அவர் பையை நான் தூக்கியிருக்கேன். உள்ள மட்டை இருந்துச்சா, தண்டவாளம் இருந்துச்சான்னு இன்னும் சந்தேகம்."

கேப்டன் சிரித்தார். பிறகு, கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "மொட்சமாயும் வர்றார். குரூன்ஸ்டாட்ல மக வீட்ல இருக்கார். உங்க ரெண்டு பேர்தான் மிச்சம்."

கார் போன பிறகும் பாகிசோ வாசலிலேயே நின்றார். முப்பத்தேழு வருஷமாக மொட்சமாய் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே தெருவில் இருந்த காலத்திலும் பேசியதில்லை. மாபுலெங்கின் சாவுக்கு வந்தார், கல்லறையில் ஒரு பிடி மண் போட்டார், இவர் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனார். பாகிசோவுக்கு இந்த உலகத்தில் இனி ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த மனிதன் ஒருமுறை வாய் திறந்து, நீ அன்றைக்குச் செய்தது சரி என்றோ, தப்பு என்றோ சொல்லிவிட வேண்டும். எதுவானாலும் சரி. சொல்லக்கூடியவர் வேறு யாரும் உயிரோடு இல்லை.

*

மட்லொங்கில் அந்தக் காலத்தில் கோல்ஃப் ஆடிய கூட்டத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்றைக்குத் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருப்பார்கள். பேபி மொலாபோ என்று ஒருவர் இருந்தார். மாட்டு வண்டி போன்ற உடம்பு. ஆனால் அவர் மெல்லத் தட்டிய பந்து தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலப் போய் நிற்கும். ஸ்கூட்டர் என்று ஒருவர். அடித்த பந்து தரையில் விழுமுன் அதன் அருகே போய் நின்றுவிடும் நடை. ராட்சிடிசோவிடம் இருந்தது ஒரே மட்டை. தூரத்துக்கும் அதுதான், பக்கத்துக்கும் அதுதான், வீட்டுக்குள் பாம்பு வந்தாலும் அதுதான்.

இவர்கள் எல்லாருக்கும் மேலே மொட்சமாய். அவர் மட்டையைத் தூக்குவதில் அவசரமே இருக்காது. ஆணியில் மாட்டிய சட்டையை எடுப்பதுபோல எடுப்பார். இறக்குவது கண்ணுக்குத் தெரியாது. பந்து போய்க்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான், ஓகோ அடித்துவிட்டார் என்று நமக்குப் புரியும். பாகிசோ இருபது வருஷம் அதை நகல் செய்யப் பார்த்தார், முடியவில்லை. அதற்காகப் பொறாமைப்பட்டதும் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்ததே போதும் என்று நினைத்தவர் அவர்.

இவர்கள் ஆடியது பக்கத்துச் சுரங்கத்தின் கழிவு மண் மேட்டு அடிவாரத்தில், தாங்களே வெட்டிய மைதானத்தில். நகரத்து மைதானத்தில் தண்ணீர்த் தெளிப்பான்கள் ராத்திரி பகலாகச் சுற்றின. மட்லொங்கில் தெருவுக்கு ஒரு குழாய், அதிலும் மத்தியானம் காற்றுதான் வரும். மனிதன் குடிக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் புல்லுக்கு எங்கே போவது? ஆகவே குழியைச் சுற்றி மணலைக் கொட்டி, லாரிப் பட்டறையில் வடித்த பழைய எண்ணெயை ஊற்றி, மிதித்துக் கெட்டியாக்கினார்கள். அந்த மணலில் முன்னால் ஆடியவனின் கால்தடம் அப்படியே நிற்கும். எனவே பந்தைக் குழிக்குள் தட்டுமுன், பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள வழியை ஓர் இழுப்புக் கட்டையால் தடவிச் சமன் செய்துகொள்வது முறை. கட்டை கைக்கு எட்டாவிட்டால் காலாலேயே ஒரு தேய்ப்பு. யாரும் குறை சொல்லமாட்டார்கள். செய்யாமல் ஆடினால்தான் சோம்பேறி என்பார்கள்.

நகரத்துப் புல்தரையில் அதே காரியம் குற்றம். பந்து உருளப்போகும் வழியை ஆடுகிறவன் தொடக்கூடாது. தொட்டால் அவன் கணக்கில் இரண்டு அடி கூடும். கோல்ஃபில் குறைந்த அடியில் முடித்தவன்தான் ஜெயித்தவன் என்பதால், இரண்டு அடி என்பது தலையில் விழும் இடி.

அறுபத்தேழில் யாரோ ஒரு புண்ணியவான் பரிசு கொடுக்க முன்வந்ததால், கறுப்பர்களின் போட்டியை நகரத்து மைதானத்தில் ஒரு திங்கட்கிழமை நடத்த விட்டார்கள். மற்ற நாட்களில் கறுப்பன் அங்கே பை தூக்கலாம், பந்து தேடலாம், அடிக்கக்கூடாது. அதுவும் சட்டம்தான். அச்சடித்த சட்டம்.

கடைசிக் குழிக்கு வந்தபோது மொட்சமாய் ஓர் அடி முன்னால் இருந்தார். பாகிசோதான் கூட ஆடியவர். ஒருவர் அடியை மற்றவர் எண்ணுவது ஆட்டத்தின் வழக்கம். பாகிசோ தன் பந்தை முடித்துவிட்டார். மொட்சமாயின் பந்து குழியிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் கிடந்தது. வேலிக்கு வெளியே மட்லொங்கே நின்றது. உள்ளே கமிட்டிக்காரர்கள் நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு, எப்போது தவறுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொட்சமாய் பந்தருகே போனார். குனிந்து பார்த்தார். வலது காலை எடுத்து, குழிக்குப் போகும் வழியில் இதமாக ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

தட்டினார். பந்து விழுந்தது. வேலி அதிர்ந்தது.

"வழியைத் தொட்டுட்டான். ரெண்டு அடி" என்றார் பாகிசோ.

அவர் சொல்லாவிட்டால் கமிட்டிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டுச் சிரித்திருப்பார்கள். இவன்களுக்கு ஆட்டத்தின் சட்டம் எங்கே தெரியும், இனி மைதானம் கிடையாது என்றிருப்பார்கள். நம்மில் ஒருவன் சொன்னால் அந்தச் சிரிப்பை அடைக்கலாம் என்றுதான் சொன்னார். அடைக்கவும் செய்தார். ஆனால் மைதானத்தை அடுத்த வருஷம் தரவில்லை, அதற்கடுத்த வருஷமும் தரவில்லை. தராமலிருக்கக் காரணம் தேடுகிறவனுக்கு நம் ஒழுக்கம் ஒரு பொருட்டா?

மட்லொங் மக்கள் மொட்சமாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு அடியால் ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பையை வாங்கிய பாகிசோ பின்னால் தனியாக நடந்து வந்தார். போலீஸ்காரன் கண்டால் கறுப்பனிடம் நடமாட்ட அனுமதிச் சீட்டைக் கேட்டு உதைக்கும் காலம் அது. சொந்த ஆளை வெள்ளைக்காரன் முன்னால் காட்டிக் கொடுத்தவனுக்கு ஊர் வைத்த பெயர் கான்ஸ்டபிள். பாதிரியார் வீட்டுக்கு வந்து, எல்லாம் கர்த்தரின் சித்தம் என்று ஆறுதல் சொன்னார். பாகிசோ அவரை வாசலோடு அனுப்பினார். கர்த்தர் அந்த வழியைக் காலால் தேய்க்கவில்லை. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. மணலில் பழகிய கால் புல்லில் அதையே செய்தது. இதில் சித்தம் எங்கே வந்தது?

*

ஜாம்பவான்கள் நாளன்று வெயில் ஏறியும் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. பாகிசோ கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு கிளப்பின் முன்வாசல் வழியாக உள்ளே போனார். அந்த வாசலை அவர் அதுவரை வெளியிலிருந்து மட்டுமே அறிவார். யாரோ கையில் தேநீர்க் கோப்பையைத் திணித்தார்கள். எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவருக்கும் அவரிடம் பேச எதுவும் இல்லை.

மொட்சமாய் கண்ணாடிக் கதவருகே சக்கர நாற்காலியில் இருந்தார். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அந்தக் கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. மகள் டினேயோ அவர் கழுத்தில் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாகிசோவைக் கண்டதும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்பாவுக்குத் தேநீர் கொண்டு வர்றேன்" என்று நகர்ந்துவிட்டாள்.

பாகிசோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் வெளியே பார்த்தார்கள். தூரத்தில் முதல் அடி அடிக்கும் இடத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இளைச்சிட்டே" என்றார் பாகிசோ.

மொட்சமாய் மடியில் கிடந்த கையை நல்ல கையால் இழுத்துச் சரியாக வைத்தார்.

"நான் ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். கேட்டுட்டுப் போயிடறேன். அன்னைக்கு நான் சொன்னது சட்டம். சட்டத்தைத் தவிர வேற எதையும் நான் சொல்லலை. அது தப்பா?"

மொட்சமாயின் வாய் கொஞ்சம் கோணியிருந்தது. சொற்கள் மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தன.

"பன்னெண்டு வயசுலேருந்து நான் இந்தப் புல்லுல பை தூக்கினவன். எனக்குச் சட்டம் தெரியாதா?"

"தெரியும்."

"காலை எடுத்தப்பவே தெரிஞ்சுடுச்சு. தேய்ச்ச கால் இன்னும் தரையில இருக்கு, ஐயோன்னு உள்ளுக்குள்ள சொல்லிட்டேன். பந்தைப் போட்டுட்டு நிமிர்ந்து சொல்லிக்கலாம்னு போட்டேன். நிமிர்றதுக்குள்ள நீ வாயைத் திறந்துட்டே."

பாகிசோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகே இழுத்தார்.

"நான் சொல்லியிருந்தா, தன் தப்பைத் தானே சொன்ன ஆட்டக்காரன். நீ சொன்னதால, மாட்டிக்கிட்ட திருடன்" என்றார் மொட்சமாய். "ஊர் என்னைத் தோள்ல தூக்குச்சு. எதுக்குத் தூக்குச்சு? நான் வெள்ளைக்காரனை ஏமாத்தப் பார்த்தேன், நீ கெடுத்துட்டேன்னு. அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. பாராட்டித்தான் சொன்னாங்க. அந்தப் பாராட்டு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீ நினைச்சுப் பார். கோப்பை போனா போகுது. ஒரு மூச்சு நேரம் நீ பொறுத்திருக்கலாம்."

டினேயோ தேநீரோடு வந்தாள். மொட்சமாய் நல்ல கையால் கோப்பையை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாகிசோ எழுந்து வெளியே வந்தார். அந்த மனிதன் சொன்னது உண்மையா, இத்தனை வருஷத்தில் அவரே தனக்குக் கட்டிக்கொண்டதா என்று அறிய வழியில்லை. நெஞ்சைத் திறந்து பார்க்கும் கருவி எதுவும் இல்லை. ஆனால் ஒரு மனிதனை அவன் நடத்தையால் எடைபோடலாம். மண்மேட்டு மைதானத்தில் ஒருமுறை மொட்சமாயின் பந்து முள்ளுக்குள் போனது. ஆள் உயர முள். உள்ளே போய் அடித்துவிட்டு வெளியே வந்தவர், மட்டை பட்டுப் பந்து முதலில் ஒரு விரல் நகர்ந்துவிட்டது, ஒன்று சேர்த்துக்கொள் என்றார். பார்த்தவன் ஒருவனும் இல்லை. அப்படி அவர் சொன்னதை பாகிசோ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், கேட்டு எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார். அந்தத் திங்கட்கிழமை மட்டும் எப்படி மறந்துபோனது? கமிட்டிக்காரர்களின் சிரிப்புக்குப் பயந்தவனுக்குப் பக்கத்தில் நின்ற மனிதன் கண்ணில் படவில்லை.

*

பதினோரு மணி வாக்கில் எல்லாரும் கயிற்றைச் சுற்றி நின்றார்கள். மட்லொங்கிலிருந்தும் ஒரு வண்டி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மாசெல்லோ தேவாலயத் தொப்பி போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். எஸ்டர்ஹைசன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பேச்சை அவர் அக்கறையோடு தயாரித்திருந்தார் என்பது தெரிந்தது.

"இந்த ரெண்டு பெரியவங்களும் மணல்ல ஆடிப் பழகினவங்க. அறுபத்தேழுல ந்தாத்தே மொட்சமாய் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். பாவம், புல்தரைச் சட்டம் அவருக்குத் தெரியாது. அது அவர் தப்பில்லை, அந்தக் காலத்தோட தப்பு…"

மொட்சமாய் தலையைக் குனிந்துகொண்டார். வாதம் வந்த பக்கம் அசையவில்லை, மற்றப் பக்கம் இறுகியது.

"கேப்டன், கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் பாகிசோ.

ஒலிபெருக்கி கீச்சிட்டது. எஸ்டர்ஹைசன் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குச் சட்டம் தெரியும். உங்கப்பாவுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்ததே பாதி நாள் அவர்தான். காலுக்குத்தான் மணல் பழக்கம். மணல் ஏன் பழக்கம்னா, தண்ணியெல்லாம் இந்தப் பக்கம் இருந்துச்சு." அவர் மட்லொங் ஆட்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும் கேட்டுக்குங்க. அவர் யாரையும் ஏமாத்தப் பார்க்கலை. அவரே சொல்லியிருப்பார். எத்தனையோ தடவை யாரும் பார்க்காதப்பவே சொன்ன ஆள். அன்னைக்கு நான் அவருக்கு நேரம் கொடுக்கலை. அவ்வளவுதான் நடந்தது."

யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மாசெல்லோ வாயைத் திறந்து, எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். அவளுக்கு அது புதுசு. எஸ்டர்ஹைசன் கையிலிருந்த தாளைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். "மன்னிக்கணும்" என்று மொட்சமாயிடம் நேராகச் சொன்னார். சொன்னவிதம் நன்றாகவே இருந்தது.

மொட்சமாய் நல்ல கையால் சைகை காட்டினார். பாகிசோ அருகே போய்க் குனிந்தார்.

"பந்தை அடி. ஜனங்க குளிர்ல நிக்கிறாங்க."

பாகிசோ கம்பளியைக் கழற்றி டினேயோவிடம் கொடுத்தார். அடித்தார். பந்து உயரமே எழாமல் வலது பக்கம் ஓடி, பனிப் புல்லில் கோடு இழுத்துக்கொண்டு நின்றது. கூட்டம் கை தட்டியது. இது தட்ட வேண்டிய இடம் என்று தெரிந்ததில் எல்லாருக்கும் நிம்மதி.

"கேவலம்" என்றார் மொட்சமாய்.

"உன் மூஞ்சியைப் பார்த்துட்டு அடிச்சா இப்படித்தான் போகும்."

"போய் முடிச்சிட்டு வா. பாதியில விடாதே. எத்தனை அடின்னு வந்து சொல்லு, நான் எண்ணிக்கறேன்."

எஸ்டர்ஹைசன், ஓர் அடிதான் சடங்கு, பந்தைப் பிறகு எடுத்து வரச் சொல்லலாம் என்றார். பாகிசோ அதற்குள் ஒரு மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஆட்கள் தேநீருக்கும் இறைச்சி வாட்டும் அடுப்புக்கும் போனார்கள். இவர் தனியாகப் போனார். முழங்கால் வலித்தது. இரண்டாவது அடியும் சரியில்லை. மூன்றாவதில் ஒரு மேட்டைத் தாண்டினார். அதன் பிறகு கிளப்பிலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார். அங்கே பந்து உயரப் புல்லில் கிடந்தது. மட்டையை வைக்கும்போது அதன் நுனி பந்தில் பட்டது. பந்து அசைந்து, ஒரு விரல் தள்ளிப்போய் நின்றது. சுற்றிலும் ஒரு கொக்கு தவிர வேறு யாரும் இல்லை. "ஒண்ணு" என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டார். பிறகு அடித்தார். குழிக்குள் தள்ள அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. எல்லாம் சேர்த்து ஒன்பது. இளமையில் நான்கில் முடித்த குழி.

அவர் திரும்பி வந்தபோது சக்கர நாற்காலி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கம்பளி மட்டும் ஒரு நாற்காலியின் முதுகில் தொங்கியது. எஸ்டர்ஹைசன் வந்தார்.

"குரூன்ஸ்டாட்டுக்குக் கிளம்பிட்டாங்க, ந்தாத்தே. அவருக்கு நடுக்கம் வந்துடுச்சு, மக பயந்துட்டா. போகமாட்டேன்னு அவர் சண்டை போட்டார். உங்க கிட்ட எண்ணிக்கையைக் கேட்டுப் போன்ல சொல்லச் சொன்னார்." போனைக் கையில் எடுத்தார். "எத்தனை?"

பாகிசோ கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டார். வாய் வரை வந்த எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டார்.

"அதை நான்தான் சொல்லணும், கேப்டன். அவர் முன்னாடி சொல்லணும்" என்றார். "குரூன்ஸ்டாட் பஸ் எங்க நிக்கும்?"